தலையைத் தூக்கக் கூடாது

என் வாய்க்குப் பயந்து எங்கள் தெருப் பால்காரன் பாலில் தண்ணீர் விடமாட்டான். ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே எனக்கு வாயாடி என்ற பெயர்தான். என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. நாங்கள் சண்டை போடாத நாளில் நாத்தனார் எட்டிப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்பாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு, மண்டையில் யாரோ அடித்த மாதிரி இருக்கிறது என்றார். அங்கேயே வாந்தி. கால் தள்ளாடியது. பின்வரிசையில் ஒருவர், காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் போல என்று சிரித்தார். இவர் சாராயத்தைத் தொட்டவரே இல்லை. வேறு நாளாக இருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஜட்கா வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார். தெளிவாக இருக்கவேண்டிய நீர் ரத்தமாக வந்தது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஓரிடத்தில் கொப்புளம் போல உப்பி வெடித்திருக்கிறது, இப்போதைக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது, மறுபடி திறந்தால் பிழைக்கமாட்டார் என்று என்னை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். அதற்கு மருந்து கிடையாதாம். அசையாமல் படுத்திருக்கவேண்டும். தலையைத் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, கோபப்படக் கூடாது. இதெல்லாம் அவருக்குத் தெரியவும் கூடாது.

மறுநாள் மத்தியானம்வரை எப்படியோ சமாளித்தேன். மலச்சட்டி என்றதும் மனிதர் முறைத்துக்கொண்டார். பெண்டாட்டி கையால் அது வேண்டாம், எழுந்து போகிறேன் என்று இரண்டு முழங்கைகளையும் ஊன்றினார். வீட்டிலென்றால் நான் போடுகிற சத்தத்தில் கூரை ஓடு பறந்திருக்கும். கோபம் வந்தால் குழாய் திறந்துகொள்ளுமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தோளைத் தொட்டு, என் ராசா இல்லையா, கொஞ்சம் படுங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏண்டி இவ்ளோ மெதுவா பேசுற? நான் செத்துடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாரா?"

கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கைகள் நடுங்க, தலை மேலே எழும்பிக்கொண்டே வந்தது. இனியும் கெஞ்சினால் எழுந்தே விடுவார்.

"செத்துடுவாராம்ல. ஒரு தலைவலிக்கு இந்த ஆட்டமா? பேசாம படுங்க. வீட்ல கெடக்குற வேலையெல்லாம் யாரு செய்வா, உங்க தங்கச்சியா?"

அவர் உடம்பு தளர்ந்தது. தலை தலையணைக்குத் திரும்பியது. சட்டியை வைக்கவும் விட்டார். நான் நிறுத்தவில்லை. கல்யாணத்தில் அவர் அம்மா வைத்த குறையிலிருந்து அவர் தொலைத்த குடைவரைக்கும் இழுத்துத் திட்டினேன். கண்ணீர் வழிவதை அவர் பார்க்காதபடி தலைமாட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நான் திட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார்.

சாயங்காலம் அந்தக் குழாய் மறுபடி வெடித்தது. அவர் கண் விழிக்கவே இல்லை.

சாகிற மனுஷனைக்கூட விடாமல் திட்டினாள் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள். வராந்தாவில் நின்று நான் திட்டியதையெல்லாம் கேட்டிருக்கிறாள். இதற்கு மட்டும் நான் பதில் சொல்லப் போனதில்லை. அவர் பயமில்லாமல்தான் தூங்கினார்.