மறைத்தது, பூட்டாதது

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் முதல் தடவை பழுதைச் சொல்வார்கள். பயத்தைச் சொல்ல இரண்டாம் தடவை போக வேண்டும். அடுத்த மேசையின் பார்வையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆமாம்

சங்கரன்கோவிலில் ஒரு நூல் கடை ஆபீஸ். ஐந்து கம்ப்யூட்டர்கள். ஒன்றோடொன்று இணைத்த அன்று ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது: இது மற்ற கம்ப்யூட்டர்களின் கண்ணில் படலாமா? ஐந்து பேரும் 'ஆமாம்' தட்டியிருந்தார்கள். பாஸ்வேர்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பில் போடும் மாடசாமி அண்ணாச்சியிடம் ஏன் என்று கேட்டேன்.

"இங்கன யாரு என்ன கேட்டாலும் ஆமான்னுதாம்வே சொல்லணும். மிஷின் கேட்டா மட்டும் இல்லேங்கவா?"

பெயர்

அடையாளத்துக்காக, உட்காருகிறவர் பெயரையே கம்ப்யூட்டருக்கு வைத்திருந்தேன். எல்லோர் திரையிலும் ஐந்து பெயர்களும் தெரியும். சரக்கு இருப்பு பார்க்கும் செல்வி, தன் பெயர் தெரியக்கூடாது என்றாள். மேனேஜர் தன்னிடம் தப்பாக நடந்துகொள்வதைத் தன் கம்ப்யூட்டரில், இருப்புப் பட்டியல் இருக்கும் ஃபோல்டரிலேயே, தேதி போட்டு எழுதிவருகிறாள். வெள்ளிக்கிழமை முதலாளி வரும்போது கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அவள் அங்கே வேலையில் இருக்க முடியும்.

அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று மாற்றினேன். அண்ணாச்சியின் திரையில் போய்ப் பார்த்தாள். நான்கு பெயர்கள்தான் இருந்தன.

"இனி நான் யாரு கண்ணுலயும் படமாட்டேம்லா, அண்ணே?"

ஐகான்

சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். செல்வியின் நாற்காலி காலி. முதலாளி வந்து போய்விட்டார். கையில் கொடுக்க அவளிடம் எதுவும் இருக்கவில்லை என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். செல்வியின் கம்ப்யூட்டருக்கு வேறு பெயர் வைக்க வேண்டுமாம்.

மேனேஜரின் திரை ஓரத்தில் ஒரு ஐகான் இருந்தது. இருப்புப் பட்டியல் பார்க்க, செல்வியின் ஃபோல்டருக்கு நானே எப்போதோ போட்டுக் கொடுத்தது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அதைத் தட்டினால் ஃபோல்டர் திறக்கும்; உள்ளே இருப்பதை அழிக்கவும் முடியும். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"நல்லா மறைச்சிருந்தேரு வே. எனக்குத்தான் பழைய வழி தெரியும்லா."

பஸ் ஸ்டாண்ட்

செல்வி மேலநீலிதநல்லூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நானே போய்ப் பேசினேன். பெயரை மறைப்பது வேறு, ஃபோல்டரைப் பூட்டுவது வேறு என்று தொழில் முறையில் விளக்கிக்கொண்டே போனேன். பஸ் வரும்வரை கேட்டாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா, அண்ணே."

மறைக்க ஒரு நிமிஷம், பூட்ட இன்னொரு நிமிஷம். அந்த இன்னொரு நிமிஷத்தை நான் மிச்சம் பிடித்தேன்.