வால்பாறையில் சகலையின் காப்பிச் செடிகள்

1996 டிசம்பரில் நான் வால்பாறைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் சகலையின் தோட்டத்தில் ஒரு குறையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கத்தான்.

காப்பிச் செடியைத் துருப்பிடித்தாற்போல ஆக்கும் இலை நோய் ஒன்று உண்டு. அதைத் தாங்கும் கலப்பின நாற்றுகளை ஒரு பண்ணையில் எங்கள் இருவருக்கும் கொடுத்திருந்தார்கள். குளிரான வால்பாறையில் அவருக்கு ஒரு வரிசை, வெக்கையான பர்லியாறு பக்கம் எனக்கு ஒரு வரிசை. மருந்து அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. தானாகத் தாங்கும் செடியையே விதைக்கு எடுப்பார்கள். என் வரிசையில் ஒன்றைத் தவிர எல்லாம் இலை கொட்டிவிட்டன. அவருக்கு ஒரு இலைகூட விழவில்லை என்று மாமியார் வீட்டில் ஒரே பெருமை.

உக்கடத்தில் ஏறி, பொள்ளாச்சியில் பஸ் மாறினேன். அங்கிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். டிக்கெட் விலை மறந்துவிட்டது. குமட்டல் வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். வரையாடு தெரிகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அதில் மனசு போகவில்லை.

"வாங்க சகலை! மொதல்ல செடியப் பாத்துப்போட்டு வந்துரலாங்க. அப்புறம் காப்பி குடிக்கலாம்" என்றார் சகலை. விதைச்செடி தேர்ந்தெடுக்கப் பண்ணை அதிகாரியும் வந்திருந்தார். வரிசை முழுக்கக் கரும்பச்சை. பொறாமையில் ஒவ்வொரு செடியடியிலும் குனிந்து உதிர்ந்த இலை தேடினேன்.

அதிகாரி ஒரு இலையைத் திருப்பிக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் நீலம். மயில்துத்த மருந்து!

"ஏனுங்க, மருந்து அடிச்சீங்களா?"

"சொந்தபந்தம் வந்து பாக்கறாங்க. மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்? கொஞ்சமா அடிச்சுப்போட்டேனுங்க" என்றார் சகலை.

"அப்ப நோயத் தாங்குனது மருந்துங்க, செடி இல்லீங்க." அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்க தோட்டத்துல எப்படிங்க?"

"எல்லாம் போச்சுங்க. ஒன்னே ஒன்னு நிக்குது."

"அந்த ஒன்னுதாங்க எனக்கு வேணும்!"

சகலையின் முகம் செத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் அதிகாரி தொடர்ந்தார்: "அதோட வெதைல நாத்து எடுத்து மொதல்ல இங்கதாங்க நடணும். வெக்கைல தாங்குனது குளிர்லயும் தாங்குதான்னு பாக்கணுமில்லீங்க."

"அனுப்பி வைங்க சகலை, நான் வளத்துக்கறனுங்க" என்று சிரித்தார் சகலை.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுங்கள். நான் பொள்ளாச்சியில் இறங்கியதும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். என் செடி பேர் வாங்க வேண்டுமானால், பாழாய்ப்போன அந்த மனுஷனின் தோட்டம் நன்றாக இருக்க வேண்டுமே!