கப்பலில் ஒரு லயம்

கொட்டகலையில் பஸ் ஏறினால் ஞானரட்ணம் உடனே உட்கார மாட்டார். நேரே பின்பக்கம் போய், அவசரக் கதவின் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். "என்னா அண்ணே, கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோகப் பாக்குறீங்களா?" என்பான் கண்டக்டர். "துருப்புடிச்சுக் கெடக்குடா தம்பி. நாளைக்கு எண்ணெ கொண்டாறேன்" என்பார். கொண்டுவந்தும் விடுவார். மனுசன் அப்படி.

வேலை கடலில். வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் கப்பலில் மின்சாரக்காரர். தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் மோட்டார் கட்டிப் பழகிய கை. கப்பல் கிழடு, அதன் நெருப்பு அலாரம் அதைவிடக் கிழடு. சோறு வடிக்கிற ஆவிக்கே ஊரைக் கூட்டும். தொல்லை தாங்காமல் யாரோ மணிக்குள் பழைய பனியனைத் திணித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "நெசமாவே நெருப்புப் புடிச்சா, தூங்குறவன எவன் எழுப்புறது?" கத்திக் கத்தியே கம்பெனியைப் புதுசு வாங்க வைத்தார். புகையை மோப்பம் பிடிக்கும் கருவிகள், எங்கே புகை என்று காட்டும் திரை, தானாக மூடிக்கொள்ளும் கதவுகள். அத்தனைக்கும் வயர் இழுத்து மாட்டிவிட்டு லீவில் வந்திருக்கிறார்.

வந்தது மகள் கேத்ரினுக்காக. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். மூத்தவன் ஜெரோமி வாங்கியபோது அப்பா நடுக்கடலில். "இவளையும் போட்டோவுல பாத்துக்கிறதா உத்தேசமோ?" என்று மனைவி தெரேசா கேட்டுக் கேட்டே வரவழைத்தாள்.

வியாழன் காலை போன் அடித்தது. காலி ஊர்க்காரன் சமிந்த, கப்பலில் அவருக்கு அடுத்த ஆள்; சிங்களத்தில் அண்ணன் என்கிற 'அய்யே' போட்டுத்தான் கூப்பிடுவான். பரிசோதகர் வந்து நிற்கிறாராம். எஞ்சின் அறையில் புகை காட்டினால், திரை படுக்கை அறையில் நெருப்பு என்கிறதாம். சரிவராவிட்டால் கப்பல் கிளம்பாது; நாளைக்கே ஞானரட்ணம் பிளேன் ஏற வேண்டும். தெரேசா ரொட்டி மாவு பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"வயரக் கழட்டினீங்களாடா?" என்று சிங்களத்தில் அதட்டினார்.

"தூசி துடைக்கக் கழட்டி மாட்டினோம் அய்யே. நீங்க ஒவ்வொண்ணுலயும் என்னமோ எழுதி ஒட்டியிருக்கீங்க. பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு. யாருக்குப் படிக்கத் தெரியும்?"

படம் அனுப்பினான். ஞானரட்ணம் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலை அவசரத்தில் தமிழில் எழுதி ஒட்டிய துண்டுகள். பிறகு இங்கிலீஷில் மாற்ற மறந்தே போயிருந்தார்.

தெரேசா எட்டிப் பார்த்து வாசித்தாள். "தொரை பங்களா, லயம், ஃபெக்டரி... என்னங்க இது?"

"கெப்டன்தான் அங்க தொரை, அவரு நிக்கிற எடம் பங்களா. எஞ்சின் இருக்கிறது ஃபெக்டரி. நாங்க காம்பரா காம்பராவா வரிசையாப் படுக்குறது லயம். வேற என்னான்னு சொல்றது?"

"அடப்பாவி மனுசா, கடல்லயும் தோட்டமா!" கவலைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். மேலே பங்களா, அது சரி. நடுவில் ஃபெக்டரி வர வேண்டும், லயம் இருந்தது. "நடுவுல உள்ளதையும் அடியில உள்ளதையும் மாத்திக் குத்துடா. நடுவுல வர்றது ஃபெக்டரி, வெளங்குதா?"

போனைக் கையில் பிடித்தபடி நின்றார். "அப்பா போறாரா?" என்றாள் கேத்ரின். போனுக்குள், தூரத்தில் இரும்புப் படியில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது.

"ஃபெக்டரி அய்யே, ஃபெக்டரி! கதவும் மூடுது! பரிசோதகர் சரின்னு தலையாட்டிட்டார்! நீங்க வர வேணாம்!"

சமிந்தவின் குரலை மணியோசை விழுங்கியது. பனியன் அடைத்த பழைய முனகலா அது? கணீரென்று வந்தது. லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"நிப்பாட்டவா அய்யே?"

"இருடா. கொஞ்சம் அடிக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போனைத் தெரேசாவின் காதில் வைத்தார். அவள் மாவுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.