இரண்டு பேர் தூக்கும் கூரை

யோசனை மழையில்தான் வந்தது. திருச்சி விமான நிலையத்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டு எங்கள் லோடு வண்டியில் இலுப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். விராலிமலைக்குச் சற்று முன்னால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பின்தொட்டியில் சவுதியிலிருந்து அப்பா கொண்டுவந்த அட்டைப்பெட்டிகள் இரண்டு, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியவை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு நான் தார்ப்பாயை உதறுவதற்குள் அப்பா தொட்டியில் ஏறிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். தார்ப்பாயின் நடுவில் மடக்கிய குடையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு, "நீயும் உள்ள வா தம்பி, நனையாத" என்றார்.

முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த கேக் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "பிளைட்டுல குடுத்தான். தின்னு."

மேலே தண்ணீர் தேங்கித் தார்ப்பாய் தொங்கும். அப்பா குடையை உயர்த்துவார். தண்ணீர் சரிந்து ஓடும். எங்கள் தலைக்கு மேலே இடம் பெரிதாகும். கை வலித்ததும் தாழ்த்துவார். கூரை தலையில் வந்து உட்காரும். எழுவதும் உட்காருவதுமாக இருந்த அந்தத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே கேக்கைத் தின்றேன். பாதியில் யோசனை பிடித்துக்கொண்டது. நாலு மூலையிலும் கால் வைத்தால்? ஓடும்போது தாழ்ந்து, நின்றதும் உயர்ந்து? வெளிநாட்டுக்காரர்கள் வீடியோக்களில் செய்வார்கள், பார்த்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் அவர்களுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அப்பா, இந்த வண்டியிலயே ஒரு ரூமு கட்டுனா என்ன?"

"வீட்டுல இருக்குற ரூமுலயே படுக்க ஆள் இல்ல" என்றார் அப்பா.

உண்மைதான். அம்மா இறந்த பிறகு அப்பாவுக்கு இது இரண்டாவது லீவு. முதல் லீவு காரியத்திலும் உறவினர்களிலும் கரைந்துபோனது. இந்த முறை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினியில் படம் வரைந்து கொடுக்கிறேன். காதில் மாட்டிய கருவியில் நாள் முழுக்க யாரிடமாவது பேச்சு. அதைக் கழற்றினால், பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

அப்பா அங்கே ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரர். வந்த மறுநாள் காலை உப்புமா கிண்டினார். சட்டி நிறைய இருந்தது. எதிர்வீட்டுக்குக் கொடுத்து, நாய்க்கு வைத்து, ராத்திரியும் அதையே சாப்பிட்டோம். "ரெண்டு பேருக்கு எப்புடி அளக்குறதுன்னே கை மறந்து போச்சு" என்று சட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். அப்புறம் பேச எதுவும் கிடைக்காமல் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் அந்தக் கூரையை நான் அவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்கு இரண்டு மாத லீவு. அதற்குள் முடிக்க வேண்டும். முடித்து, மணமேல்குடிக்குப் போக வேண்டும். கடற்கரையில் வண்டியை நிறுத்தி, கூரையைத் தூக்கி, ஒரு ராத்திரி தங்க வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே கடல் இருந்தும் நான் போனதில்லை. அப்பாவிடம் சொன்னதும் சிரித்தார். "கடலத் தாண்டித் தாண்டித்தான் இத்தன வருசமாப் போறேன் வாரேன். நின்னு பாத்ததில்ல. சரி, போவோம்."

அந்த 'சரி, போவோம்' போதுமாக இருந்தது. அன்றைக்கே கணினியில் வரைந்தேன். தொட்டியின் நான்கு மூலையிலும் சதுரக் குழாய்; அதற்குள் நுழையும் இன்னொரு மெல்லிய குழாய். மேலே இரும்புச் சட்டத்தில் பிளைவுட் கூரை. தூக்கி நிறுத்தியதும் துளைகளில் பின் செருகினால் நிற்கும். பின்னைப் பிடுங்கினால் இறங்கும். சுற்றிலும் தார்ப்பாய்த் திரை, அதில் கொசுவலை வைத்த ஜன்னல்கள். உள்ளே இடமும் வலமும் ஆளுக்கொரு பலகைப் படுக்கை.

வெல்டிங் பட்டறைக்காரர் என் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "பிரச்சார வண்டின்னா மைக்கு கட்ட எடம் விடணுமே தம்பி. எந்தக் கட்சின்னு மட்டும் சொல்லிருங்க, பெயிண்டு அதுக்குத் தக்கன அடிப்போம்" என்றார். எதிர்வீட்டு அத்தை, "ஏந்தம்பி, கோழி வளக்கப் போறியா?" என்று கேட்டார். டிபன் கடை என்றுதான் பெரும்பாலானவர்கள் முடிவு செய்தார்கள். சமையல்காரர் ஊருக்கு வந்திருக்கிறார், வண்டியில் கூரை ஏறுகிறது. வேறு என்னவாக இருக்கும்? "பரோட்டா உண்டுல்ல?" என்று கேட்டவர்களுக்கு அப்பா, "உண்டு உண்டு, மொதல்ல கல்லு சூடாகட்டும்" என்று பதில் சொல்லி அனுப்பினார். அவர் இப்படி வாயாடுவார் என்பதே எனக்குத் தெரியாது.

பலகைப் படுக்கைகளைப் பார்த்தபோது மட்டும் நொடித்தார். "இருவது வருசமா அடுக்குக் கட்டில்ல படுத்தாச்சு. லீவுக்கு வந்தும் பலகைதானா?" என்றார். சொல்லிக்கொண்டே ஏறிப் படுத்து நீளம் பார்த்தார். அவர் பக்கத்துச் சட்டத்தில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. அறுத்துவிடச் சொல்லப் போனேன். "இருக்கட்டும்" என்றார்.

கூரையை முதன்முதலாகத் தூக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் வலப்பக்கம், அப்பா இடப்பக்கம். "ஒண்ணு, ரெண்டு" என்று அப்பா எண்ணினார், மூன்று சொல்லாமலேயே தூக்கினார். நான் தடுமாறினேன், கூரை என் பக்கம் சாய்ந்து நின்றது. "மூணு எங்கப்பா?" "மெஸ்ஸுல அண்டாவ எறக்குறப்ப ரெண்டோட சரி." அதற்குப் பிறகு இரண்டிலேயே தூக்கப் பழகிக்கொண்டேன். இருவரும் ஒரே நேரத்தில் தூக்கினால் அது எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு மேலே போகும். கனமே தெரியாது.

திரைதான் காலை வாரியது. மழைக்காலமாதலால் ஊரெல்லாம் தார்ப்பாய் தைக்கக் கொடுத்திருந்தார்கள். சீட் தைக்கிற கடைக்காரர், "தீவாளி கழியட்டும் தம்பி" என்றார். தீபாவளி கழிந்ததும், "இந்த மழை விடட்டும்" என்றார். ஒருவழியாகத் திரை வந்து மாட்டிய அன்று மதியம், சோதித்துப் பார்க்கலாம் என்று கண்மாய்க்கரைக்கு ஓட்டிப்போனோம். கரைமேல் புளியமர நிழல். கண்மாய் நிறைந்து கிடந்தது. "ஒண்ணு, ரெண்டு." கூரை எழுந்தது. திரைகளை இறக்கினேன். காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து இன்னொன்றில் போனது.

கட்டிக்கொண்டு வந்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு அப்பா உள்ளே ஏறினார். செருப்பை ஜோடியாகச் சேர்த்துப் பலகைக்கு அடியில் தள்ளினார். சட்டையைக் கழற்றி அந்தப் போல்ட்டில் மாட்டினார். போனைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி, கால்களை மடக்கிக்கொண்டார். இத்தனையையும் அவர் யோசித்துச் செய்யவில்லை. அடுத்த நிமிடமே தூங்கிப்போனார்.

வீட்டில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. பெரிய அறையில், பெரிய கட்டிலில், விளக்கை அணைத்த பிறகும் புரண்டுகொண்டே இருப்பார். இங்கே கைக்கெட்டும் உயரத்தில் கூரையும், தோளை ஒட்டித் துணிச்சுவரும் இருந்தன. குறட்டை விட்டார். கூரையை எனக்கும் அவருக்குமாகக் கட்டினேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் இத்தனை வருடம் படுத்த இடத்தை அல்லவா கட்டிக் கொடுத்திருக்கிறேன். இறங்கிப்போய்க் கரையில் உட்கார்ந்து, அவர் எழும் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் முகம் தெளிவாக இருந்தது. "நல்ல எடம்டா" என்றார். என்னை 'டா' போட்டு அவர் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. "சனிக்கெழம கெளம்புவமா, மணமேல்குடிக்கு?"

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து போன் வந்தது. மெஸ்ஸில் இன்னொரு சமையல்காரருக்கு உடம்புக்கு முடியவில்லையாம். லீவை முடித்துக்கொண்டு உடனே வரச் சொன்னார்கள்.

"மாட்டேன்னு சொல்லுங்கப்பா."

"சொல்லலாம்" என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அங்க எரநூறு பேரு சாப்புடணும்ல" என்றார். இங்கே நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை காலை அதே வண்டியில், தாழ்த்திய கூரையோடு, திருச்சிக்கு ஓட்டினேன். இறங்கும்போது கூரைச் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டுவதுபோல. "வாரேன்" என்று உள்ளே போனார்.

திரும்பும்போது விராலிமலைக்கு முன்னால், மழைக்கு ஒதுங்கிய அதே இடத்தில் வண்டியை நிறுத்தினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. இறங்கி, ஓட்டத்தில் கூரை குதிக்காமலிருக்கச் செருகியிருந்த பின்களைப் பிடுங்கி, வலப்பக்கம் நின்று தூக்கினேன். என் பக்கம் ஒரு சாண் ஏறியது. அந்தப் பக்கம் அசையவில்லை. குழாய்கள் கோணலாகிக் கவ்விக்கொண்டன. ஓடிப்போய் அந்தப் பக்கம் தூக்கினால் இந்தப் பக்கம் பொத்தென்று இறங்கியது. நடுவில் தோளைக் கொடுத்துப் பார்த்தேன். முதுகில் சுருக்கென்றது.

அத்தனை நாள் வரைந்தேனே, இதை எப்படி யோசிக்காமல் போனேன்? கனத்தைக் கணக்குப் போட்டேன், காற்றைக் கணக்குப் போட்டேன். தூக்க எத்தனை பேர் என்பதைக் கணக்கே போடவில்லை. வரைந்ததிலிருந்தே அப்பா அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

மொபெட்டில் போன ஒருவர் நிறுத்தினார். "என்ன தம்பி, பஞ்சரா? கை கொடுக்கவா?"

"இல்லங்க. ஒண்ணுமில்ல, நீங்க போங்க."

அவர் ஒரு கை கொடுத்திருந்தால் கூரை எழுந்திருக்கும். ஆனால் எழுந்த பிறகு உள்ளே நான் என்ன செய்வேன்? அவர் போனதும் பின்பக்கமாகத் தவழ்ந்து, தாழ்ந்த கூரைக்கு அடியிலேயே அப்பாவின் பலகையில் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி ஆடியது. போல்ட் கண்ணுக்கு நேராக இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிறார், அன்றுதான் அவருக்கு ஓய்வு. "வண்டி எப்புடி இருக்கு?"

"நிக்கிதுப்பா."

"தனியாத் தூக்கிறாத. இடுப்பு புடிச்சிக்கும். அடுத்த லீவுல வாரேன்ல, அப்பத் தூக்கிக்கலாம்."

அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை என்னால் சும்மா இருக்க முடியாது. என் சுபாவம் அப்படி. இலுப்பூரில் பழைய இரும்புக் கடை ஒன்றில், கழற்றிப்போட்ட கடை ஷட்டரின் சுற்றுகிற கைப்பிடியைப் பல்சக்கரத்தோடு பார்த்து வைத்திருக்கிறேன். நான்கு மூலையிலும் சிறிய உருளை, அவற்றின் வழியாகக் கம்பிவடம்; எல்லாம் வந்து அந்த ஒரே சக்கரத்தில் சுற்ற வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் நான்கு காலும் சமமாக எழ வேண்டும், ஒருவன் தனியாகச் சுற்றினாலும். படம் வரைந்துவிட்டேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "இப்ப இது கிணறா, கடையா?" என்றார். கூரை எழுந்துவிட்டால் மறுநாளே மணமேல்குடிதான்.

அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "நல்லது தம்பி" என்பார். அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை எதைக் கேட்பார்?

கைப்பிடியை எந்தப் பக்கம் வைப்பது என்பது மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் வைத்தால் வடம் நேராக வரும், வேலை சுலபம். வலப்பக்கம்தான் வைக்கப் போகிறேன். இடப்பக்கச் சட்டத்தில் கை பிடிக்கிற இடம் அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்திருக்குமா என்று கேட்க வேண்டும்.