கருத்தில்லாத கை

ஸ்காபரோவில் வாரந்தோறும் அச்சாகி, கடை வாசல்களில் இலவசமாக அடுக்கப்பட்டிருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருபது வருடங்களுக்கு மேலாக நான் புரூஃப் பார்த்தேன். மரண அறிவித்தல்களும் வீட்டு விற்பனை விளம்பரங்களும் கோயில் திருவிழா அறிவித்தல்களும் என் சிவப்புப் பேனாவைக் கடந்தே வெளியே போயின. பத்திரிகை நின்றுபோனபின் பேனாவை மேசை லாச்சியில் வைத்துவிட்டேன். தொழில் கைக்குக் கொடுத்த பழக்கம் மட்டும் போகவில்லை. பிழையான இடத்தில், மனம் அறியுமுன்னே, கை நின்றுவிடும். அந்தப் பழக்கத்தால் ஒருவருக்கு நான் செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவர் துருக்கியர், சதுரங்கத்தில் கிராண்ட் மாஸ்டர். வோபர்னில் எங்கள் கட்டடத்தில், எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறார். என் கணவரும் அவரும் யன்னல் பிளைண்ட்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடங்கள் ஒரே மேசையில் நின்று பெட்டி கட்டியவர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் பலகைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூன்று பேருடன் ஒரே நேரத்தில் ஆடி மூவரையும் வெல்வாராம். என் கணவர் அவரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆசிரியரைக் கூப்பிடும் மரியாதை அது. அவர் அதைத் தம்முடைய பட்டத்தின் சுருக்கம் என்று எண்ணிக்கொண்டார். இருவருக்கும் திருப்தி. என்னை அவர் ‘அப்லா’ என்பார். அவர்கள் மொழியில் அக்கா. மற்றதெல்லாம் எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான். அவருடையது சிக்கனமான ஆங்கிலம்.

கருங்கடல் ஓரத்துச் சிறு நகரம் ஒன்றில் மருந்துக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஆட்டங்களைப் பிரதி பண்ணிப் படித்திருக்கிறார். இருபது வயதில் தேசிய அணியில் இடம் கிடைத்தது. கிராண்ட் மாஸ்டர் ஆவதற்கு மூன்று போட்டிகளில் உயர்ந்த தேர்ச்சி காட்ட வேண்டும். அந்த மூன்றையும் தேடி ஒன்பது வருடங்கள் பஸ்ஸில் எல்லைகளைக் கடந்து அலைந்தார். ஒரு பையில் பலகை, மற்றதில் பாணும் ஒலிவும். பட்டம் வந்தபின் ஜெர்மனியில் சிறு நகரக் கழகங்களுக்காகச் சில காலம் ஆடினார். பிறகு மனைவியின் உறவினரை நம்பி ரொறன்ரோ வந்தார். இங்கே கிராண்ட் மாஸ்டருக்கு வேலை இருக்கவில்லை. பெட்டி கட்டுகிறவருக்கு இருந்தது. மனைவி காலமாகி நான்கு வருடம். அதற்கு அடுத்த வருடம் கண் போகத் தொடங்கியது. ஓரங்கள் தெரியும், நேரே பார்க்கும் இடம் மட்டும் கருகிப்போயிருக்கும் என்று சொல்வார். கொரிடோரின் சுவர் தெரியும். எதிரே வரும் ஆளின் முகம் தெரியாது.

போன மாரியில் ஒரு நாள் பகல், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார். ஒரு போட்டியில், ஒரே ஒரு கடைசிப் போட்டியில், ஆட வேண்டும் என்றார். பார்வை இல்லாத ஆட்டக்காரர் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அவர் வாயால் சொல்லும் நகர்வை உதவியாளர் பலகையில் வைக்க வேண்டும். எதிராளியின் நகர்வை அவருக்கு அறிவிக்க வேண்டும். இரண்டையும் ஆட்டத்தாளில் எழுத வேண்டும். வேறு ஒன்றும் செய்யக்கூடாது.

“நீங்கள் அந்த ஆளாக இருக்க வேண்டும்” என்றார்.

“எனக்கு ஆட்டம் தெரியாதே.”

“அதனால்தான்.”

உள்ளேயிருந்து என் கணவர் தமிழில் சத்தம் போட்டார். “இஞ்சாரும், ஓம் எண்டு சொல்லும். நாப்பது வருசமா என்ர பிழை பிடிச்சுக் களைச்சுப் போனீர். இனி மாஸ்டரிட்டப் போய்ப் பிடியும்.”

செவ்வாயும் வியாழனும் பிற்பகலில் பயிற்சி செய்தோம். முதல் நாள் யானையில் இடறினோம். எங்கள் யானை பலகையின் மூலையில் நின்று நேரே போகும். அவர்களுடைய யானை மந்திரியின் இடத்தில் நின்று குறுக்கே போகுமாம். யானையை இருவரும் கைவிட்டு, எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டோம். இங்கே நான் மூலையில் நின்று நேரே போவதைக் கோட்டை என்றும் குறுக்கே போவதை மந்திரி என்றும் எழுதுகிறேன். பலகையில் மேலும் கீழுமாக ஓடும் நிரல்களை எழுத்தால் சொல்வதில்லை. ஒலி தவறாமல் இருக்க ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் ஆள் பெயர்: ஆனா, பெல்லா, செசார், டேவிட், ஏவா என்று எட்டு. ‘ஏவா நான்கு’ என்று அவர் சொன்னால் நான் காலாளை அந்த நிரலின் நான்காவது கட்டத்தில் வைத்து, மரத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன். வைத்தாயிற்று என்பது அவருக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரியும்.

“ஆரப்பா உந்த ஏவா?” என்று என் கணவர் ஒரு நாள் கேட்டார். “குசினிக்கையும் ஏவா, குளிக்கேக்கையும் ஏவா. நித்திரையிலயும் கூப்பிடுறீர்.”

“டேவிட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நீங்கள் பேசாமத் தேத்தண்ணியப் போடுங்கோ.”

“பாத்தீரே, மாஸ்டர் வந்து என்னைக் குசினிக்கு அனுப்பிப் போட்டார்.”

ஆறாவது வாரமாயிருக்கும். அவர் ஒரு நகர்வைச் சொன்னார். என் கை குதிரையைத் தூக்கியபடி ஒரு கணம் நின்றது. பிறகு வைத்துத் தட்டினேன். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

“ஏன் தாமதம்?”

“ஒன்றுமில்லை.”

“அப்லா, உங்கள் கைக்குக் கருத்து இருக்கக்கூடாது. நான் சொல்வதற்கும் தட்டுக்கும் இடையில் எப்போதும் ஒரே அளவு நேரம். அது கூடினால் எனக்குக் கேட்கும். கேட்டால் அது உதவி.”

அதற்குப்பின் ஒரு பழைய இருமலைப் பற்றிச் சொன்னார். பட்டத்துக்கு வேண்டிய மூன்றாவது தேர்ச்சி ஓர் அணிப் போட்டியின் கடைசி நாளில் அவருக்குக் கிடைத்தது. அன்று வென்றால் பட்டம். இல்லையென்றால் மறுபடியும் பஸ். மந்திரியை எடுக்கக் கையை நீட்டினார். விரல் அதைத் தொடவில்லை. தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. அந்த நேரம் பின்னால் நின்ற அணித்தலைவர் இருமினார். இவர் கையை எடுத்தார். இன்னும் இருபது நிமிடம் யோசித்தார். மந்திரியை நகர்த்தியிருந்தால் தோற்றிருப்பார் என்று கண்டு வேறொன்றை ஆடி வென்றார்.

“அது சும்மா வந்த இருமலாக இருக்கலாம்” என்றேன்.

“இருக்கலாம். அவர் நிறையப் புகைப்பவர். நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று துணிந்தபோது அவர் இறந்து ஒரு வருடம்.” சிறிது நேரம் பலகையின் ஓரத்தைத் தடவினார். “என் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தை எழுதும்போதெல்லாம் இருமல் கேட்கிறது. கடைசிப் போட்டியை யாருடைய உதவியும் இல்லாமல் ஆடி முடிக்க வேண்டும். வெற்றி எனக்குத் தேவையில்லை.”

அப்போதே நான் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போனபின், எழுதிய ஆட்டத்தாள்களை அச்சுப்படி போல வரி வரியாகப் பார்த்து, பலகையில் மறுபடி வைத்து, அந்த நகர்வு ஏன், இது ஏன் என்று படித்துக்கொண்டிருந்தேன். எதையும் விளங்காமல் வாசித்து எனக்குப் பழக்கமில்லை. அவர் என்னைத் தேர்ந்ததற்கான காரணம் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டிருந்தது. சொன்னால் வேறு ஆளைத் தேடுவார் என்று நினைத்தேன். அந்தப் பிற்பகல்களை இழக்க எனக்கு விருப்பமில்லை. சொல்லாமல் இருந்தேன்.

போட்டி மில்லிக்கன் பக்கம் ஒரு சமூக நிலைய மண்டபத்தில், சனியும் ஞாயிறுமாக ஐந்து சுற்று. பங்குனி கடைசி, கார்த் தரிப்பிடத்தின் மூலைகளில் அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடந்தது. நான்கு சுற்று நன்றாகவே போயிற்று. இரண்டில் வென்றார், ஒன்று சமநிலை, ஒன்றில் தோற்றார். நான்கிலும் என் கை ஓர் இயந்திரம் போல வைத்தது, தட்டியது. இடைவேளையில் என் கணவர் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து இருவருக்கும் ஊற்றினார். “இன்னும் ஒண்டுதானே, மாஸ்டர். வெண்டியளெண்டால் கொத்துரொட்டி என்ர செலவு” என்று தமிழிலேயே சொல்ல, அவர் விளங்கியவர் போல “ஓம், ஓம்” என்றார்.

ஐந்தாவது சுற்றில் எதிரே இருந்தவர் வங்கி ஒன்றில் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர். பணிவானவர். தன் நகர்வைத் தானும் மெல்லிய குரலில் ஒரு தரம் சொல்லிவிட்டே ஆட்டக் கடிகாரத்தை அழுத்துவார். இருபத்தெட்டாவது நகர்வில் தன்னுடைய மந்திரியைப் பெல்லா ஏழிலிருந்து செசார் எட்டுக்குப் பின்வாங்கினார். நான் அறிவித்தேன். மாஸ்டர், வழக்கம்போல, கேட்டதைத் திருப்பிச் சொன்னார்: “மந்திரி, செசார் எட்டு.” எழுதினேன்.

ஆட்டத்தில் அவர் கை சற்று ஓங்கியிருந்தது. எனக்கு அது தெரிந்தது, தெரிந்திருக்கக்கூடாது. இரண்டு நகர்வுகள் கழிந்தன. பிறகு அவர் நெடுநேரம் யோசித்தார். மூடிய இமைகளுக்குக் கீழே கண்கள் ஒவ்வொரு கட்டமாகப் போய்வருவதைப் பார்த்தேன்.

“கோட்டை, டேவிட் ஏழு” என்றார்.

பெல்லா ஏழில் மந்திரி நின்றிருந்தால் அது அருமையான நகர்வு. கோட்டை அதை நேரே தாக்கியிருக்கும். மந்திரி அங்கே இல்லை. செசார் எட்டில் நின்றது. அங்கிருந்து ஒரே நகர்வில் கோட்டையை எடுத்துவிடும். தம் வாயால் திருப்பிச் சொன்னதை அவர் மறந்திருந்தார். கண்ணைத்தான் இழந்துகொண்டிருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். ஐம்பது வருடம் தலைக்குள் சுமந்த பலகையிலிருந்தும் ஒரு காய் நழுவத் தொடங்கியிருந்தது.

கோட்டை என் விரல்களில் இருந்தது. கை நின்றுவிட்டது.

ஒரு மூச்சு அளவுதான் இருக்கும். அவர் தலை என் பக்கம் இலேசாகத் திரும்பியது. நெற்றியில் ஏதோ ஓடி அடங்கியது. அவருக்குக் கேட்டுவிட்டது. இனி ஒரு விநாடி போதும், மந்திரி எங்கே நிற்கிறது என்பதும் ஞாபகம் வந்துவிடும். வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வாயால் சொன்ன நகர்வு காயைத் தொட்டதற்குச் சமம் என்பது விதி. ஆனால் நடுவர் மண்டபத்தின் மறு கோடியில் நின்றார். எதிரே இருந்தவர் தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வேறொரு கட்டத்தைச் சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

“டேவிட் ஏழு, அப்லா” என்றார், முதல் சொன்ன அதே குரலில்.

வைத்தேன். தட்டினேன்.

எதிராளி பலகையை நெடுநேரம் பார்த்தார். அதில் ஏதோ பொறி இருக்கிறது என்று பயந்திருப்பார். பிறகு கோட்டையை எடுத்தார். நான் அறிவித்தேன், மாஸ்டர் திருப்பிச் சொன்னார். அதற்குப்பின்னும் பதினோரு நகர்வுகள் ஆடினார், ஒவ்வொன்றும் ஒழுங்கானது. கடைசியில் தோல்வியை ஏற்றுக் கையை நீட்டினார். எதிராளி அதை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“என் உதவியாளர் ஒரு நகர்வில் தாமதித்தார். நீங்கள் முறையிட விரும்பினால் நான் சாட்சி சொல்வேன்” என்றார்.

வங்கிக்காரர் என்னைப் பார்த்தார். “கட்டத்தைத் தேடுகிறார் என்று நினைத்தேன். நான் முறையிட ஒன்றுமில்லை, சேர். உங்களோடு ஆடியதை என் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.”

இருவரும் இரண்டு தாள்களிலும் கையொப்பம் இட்டார்கள். எங்கே எழுதுவது என்று காட்ட மாஸ்டருடைய விரலைத் தாளில் அதற்குரிய பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

காரில் என் கணவர் கொத்துரொட்டியைப் பற்றிப் பேசவில்லை. ஸ்டீல்ஸ் தெருவில் நான்கு சிக்னல் கடந்தபின் நானே தொடங்கினேன்.

“எனக்கு ஆட்டம் விளங்கத் தொடங்கி ஒன்றரை மாதமாகிறது, மாஸ்டர். உங்களிடம் மறைத்தேன்.”

“தெரியும்.”

“எப்போதிலிருந்து?”

“உங்களுடைய தட்டு மாறியது. நல்ல நகர்வுக்கு ஒரு சந்தோஷத் தட்டு.” அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார், ஓரப் பார்வையால் என்னைப் பார்க்க அதுதான் வழி. “நானும் வேறு ஆளைத் தேடவில்லை.”

ஆட்டத்தாளை மடியில் விரித்தேன்.

“அந்த மந்திரி செசார் எட்டுக்கு எப்போது போனது?” என்று கேட்டார்.

“இருபத்தெட்டில். நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள்.”

“ஓம்” என்றார் தமிழில். பிறகு, “இனிப் போதும், அப்லா. இது கண் இல்லை” என்றார்.

வீட்டு வாசலில் இறங்குமுன் தாளை என் கையிலேயே வைத்திருக்கச் சொன்னார். ஆட்டங்களை ஆராய்பவர்கள் மோசமான நகர்வுக்கு ஒரு கேள்விக்குறியும், மிக மோசமானதற்கு இரண்டும் போடுவது வழக்கம். அதைப் போடும்படி கேட்டார்.

“எத்தனை?”

“நீங்கள் பிழை பார்ப்பவர். நீங்களே சொல்லுங்கள்.”

உள்ளே போய் லாச்சியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். முப்பத்தொன்றாம் வரியில், டேவிட் ஏழுக்குப் பக்கத்தில், இரண்டு கேள்விக்குறி போட்டேன். ஒன்று அவருடையது. மற்றது என்னுடையது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவர் இப்போதும் மேலே வருகிறார். பலகையை விரிப்பதில்லை. நான் செய்தித்தாள் வாசிக்கிறேன். தேநீரைக் கணவர் போடுகிறார்.