எஸ்தரின் வலது காது

பிரவுன் டேப்பை இழுத்தால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருமே... அதைக் கேட்டால் இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அந்த வாரம் முழுக்க அதே சத்தம்தான். அப்பா மிஷனரியாகக் குடும்பத்தோடு தான்சானியா போவது முடிவாகி, பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். தங்கை எஸ்தர் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள்.

பார்க்க வந்த சொந்தமெல்லாம் ஆளுக்கொரு ஊறுகாய் பாட்டிலோடு வந்தார்கள். வெயிட் ஏறுது என்று அப்பா வெளியே எடுத்து வைப்பார். அவர் குளிக்கப் போனதும் அம்மா திரும்ப உள்ளே வைப்பாள். வாய் திறக்காமலே அவர்கள் போட்டுக்கொண்ட சண்டை அது.

அனந்தபுரத்திலிருந்து வந்த ஏழுமலை மாமா மட்டும் வெறுங்கையோடு வந்தார். அம்மாவின் தம்பி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைப்பவர். அவர் சாமி வேறு, எங்கள் சாமி வேறு... ஆனால் தாய்மாமன் தாய்மாமன்தானே? காது குத்தும்போது குழந்தை மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எனக்கு அவர் மடியில்தான் குத்தினார்கள். அதற்கப்புறம் அப்பா ஊழியத்துக்கு வந்தார். நகையே கூடாது என்கிற சபை. என் கம்மல் கழன்றது, எஸ்தருக்குக் குத்தவே இல்லை.

போவதற்குள் எஸ்தரைத் தன் மடியில் வைத்து ஒரு தடவை குத்திவிடலாமா என்று மாமா கேட்டார். அப்பா முடியாது என்றார். மாமா கெஞ்சினார். அப்பா அசையவில்லை.

"மூளிக்காதோடயே புள்ளைய நாடு கடத்துறீங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் மாமா போய்விட்டார்.

வழியனுப்பும் ஆராதனைக்கு அவர் வந்தது யாருக்கும் தெரியாது. வாசலில், செருப்பு கிடக்கும் இடத்தில் நின்றிருந்தார். நான் மட்டும் பார்த்தேன். அப்பா மைக்கில், "நாங்கள் சுற்றுலா போகவில்லை... திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டும் போகவில்லை. அந்த மண்ணிலேயே எங்கள் கல்லறை இருந்தாலும் ஸ்தோத்திரம்" என்றார். சபையே அல்லேலூயா சொன்னது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கல்லறையை இப்போது யார் கேட்டது?

கிளம்பும் நாள். வேன் ஏறினோம். திண்டிவனம் வந்ததும், ரோட்டோரப் பஞ்சர் கடை முன்னால் ஒருவர் கையைக் காட்டினார்.

மாமா. வெள்ளைச் சட்டை. பக்கத்தில், பையோடு நகை செய்கிற பத்தர். எந்த வேன், எத்தனை மணிக்கு என்று அம்மாதான் போனில் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஏர்போர்ட்டுக்கு லேட்டாகிவிடும் என்று டிரைவர் முனகினார். அப்பா முகம் இறுகிப்போய் இறங்கினார்.

"மாமா, நான் சண்ட போட வரல. ஒரே ஒரு தடவ மடில வச்சி குத்திட்டு குடுத்துர்றேன்..." என்றார் ஏழுமலை மாமா, அப்பாவிடம்.

"ஏழுமலை, நான் பிரசங்கம் பண்றவன்டா. நானே இத செஞ்சா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு பேசுவேன்?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. இப்படியே முறைத்துக்கொண்டு பிரிந்துவிட்டால், அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று அதோடு இருக்காது.

அம்மா எஸ்தரைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அப்பாவைப் பார்க்காமலே அவரைத் தாண்டிப் போனாள். மாமா சட்டென்று துண்டை விரித்துத் தரையில் சம்மணம் போட்டார். குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு அம்மா சொன்னாள்.

"குத்துங்க பத்தரே."

அப்பாவை எதிர்த்து அம்மா செய்த முதல் காரியம் அது. அப்பா அவளையே பார்த்தார். பிறகு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இடது காது முடிந்தது. எஸ்தர் வீறிட்டு அழுதாள், லாரிச் சத்தத்தையும் மீறி. பத்தர் அவள் தலையை மறுபக்கம் திருப்பினார். மாமா உள்ளங்கையால் வலது காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும் பத்தரே. இது இருக்கட்டும். இதுக்காவது இவங்க திரும்பி வந்துதான ஆவணும்."

அம்மா அவர் தோளில் சாய்ந்து அப்படி ஒரு அழுகை... தாம்பரம் வரைக்கும் அடங்கவில்லை.

அதற்கப்புறம் லீவில் வரும்போதெல்லாம், "இன்னொன்னையும் குத்திடலாமா மாமா?" என்று எஸ்தரே கேட்பாள். "அடுத்த தடவ" என்பார். குத்திவிட்டால் அப்புறம் எதற்கு வரப்போகிறோம் என்று அவருக்குக் கணக்கு.

அப்போதெல்லாம் அங்கிருந்து கார்டு வாங்கி ஊருக்குப் போன் போட்டால் ஹலோ சொல்வதற்குள் லைன் கட்டாகும். பிறகு நான் காலேஜுக்கென்று வந்து விழுப்புரத்திலேயே தங்கிவிட்டேன். எஸ்தர் இன்று தான்சானியாவில் நர்ஸ். தினமும் வீடியோ கால். மாமா போனை மூக்கோடு ஒட்டிக்கொண்டு, வலது காதைக் காட்டச் சொல்வார். எல்லாம் தெரிகிறது... மடிதான் போனில் வருவதில்லை.

போன மாதம் அப்பா ரிட்டயர் ஆகி, அம்மாவோடு நிரந்தரமாக ஊர் வந்துவிட்டார். கொண்டுவந்து விட எஸ்தரும் வந்தாள். அப்பாவே பத்தருக்குப் போன் பண்ணினார். வயதானால் சட்டதிட்டமும் கொஞ்சம் தளரும் போல. மாமாவுக்கு மூட்டு வலி. தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியும், ஒரு வாரமாகச் சம்மணம் போட்டுப் பழகுகிறார் என்று அத்தை புலம்பினாள்.

எஸ்தர் அவர் மடியில் தலை வைத்துப் படுத்தாள். பத்தர் கம்பியை எடுத்தார்.

"நீ எப்பம்மா கெளம்புற?" என்றார் மாமா.

"ஞாயித்துக்கிழமை மாமா."

மாமா மெதுவாக உள்ளங்கையால் அந்தக் காதைப் பொத்தினார்.

"அப்ப இருக்கட்டும்."

பத்தர் அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து வந்து மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மாமாவின் கை மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார்.