கஸ்டமர் கொடுத்த சுத்தச் சேறு

ஜூலை 9, செவ்வாய். காலை ஏழரைக்கு லேபைத் திறந்தேன். ஹீலியம் அழுத்தத்தைப் பார்த்தேன். நஞ்சின் அளவைக் காட்டும் ஜி.சி.எம்.எஸ். கருவியை டியூன் செய்துவிட்டு மைலோ குடித்தேன். மேசையில் என் கையெழுத்துக்காக ஒரு ரிப்போர்ட் இருந்தது: மணியத்தின் குளத்துச் சேற்றில் பென்சோபைரீன் என்ற நஞ்சு வரம்புக்குள்தான் இருக்கிறதாம்.

செனாயில் ஓர் ஆலைக்குக் கீழே ஆற்றோரம் மீன் வளர்ப்பவர் மணியம். மீன்கள் செத்து மிதந்ததும் புகார் கொடுத்தார். சோதனைக்கு ஆர்டர் கொடுத்தது ஆலை. எங்கள் முதல் அளவு வரம்பைத் தாண்டியது. ஆலை ஒத்துக்கொள்ளவில்லை. அதில் நியாயம் இருந்தது. ஒப்பிடுவதற்காக அளவு தெரிந்த நஞ்சை வெறும் கரைப்பானில் கலந்து போடும் ஸ்டாண்டர்டில் ஒரு பகுதி, கருவியின் வாயான இன்லெட்டின் கண்ணாடி லைனரில் ஒட்டி நின்றுவிடும். சேற்றின் சாறு வந்தால் அதிலுள்ள பிசுக்கு அந்த இடங்களை அடைத்துக்கொள்ளும். நஞ்சு தப்பிப் போய் அளவு கூடித் தெரியும். இதுதான் மேட்ரிக்ஸ் எஃபெக்ட். அதனால் பிளாங்க் எனப்படும் நஞ்சில்லாத சேற்றின் சாற்றிலேயே ஸ்டாண்டர்டு போடச் சொல்லியிருந்தேன். மேனேஜர் குமரன் சேற்றை வரவழைத்து, வரைகோட்டில் அது காட்டிய மேட்டை, அதன் பீக்கை, மணியத்தின் அளவிலிருந்து கழித்துக் கணக்கையும் முடித்துவிட்டார்.

அந்தச் சேற்றின் சாற்றைத் தனியாகக் கருவியில் ஏற்றினேன். பென்சோபைரீன் வரும் நிமிடத்தில் பெரிய பீக் எழுந்தது.

"குமரன், இது எங்க எடுத்த சேறு?"

"கஸ்டமரே கொடுத்து விட்டாரு மேரிக்கா. சுத்தமான சேறுன்னு லேபல்கூட இருக்கே."

"எங்க எடுத்ததுன்னு கேட்டேன்."

"ஆலைக்குப் பின்னால, லொங்காங்ல. பக்கத்துல எடுத்தாதானே மேட்ரிக்ஸ் ஒரே மாதிரி இருக்கும்?"

பைப்பெட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். கையில் இருந்தால் உடைத்திருப்பேன்.

"அவங்க சாக்கடையையே கழிச்சிட்டு, குளம் சுத்தம்னு எழுதுவியா? மணியம் குளத்தை மூடிட்டு எங்க போவாரு?"

"கோவப்படாதீங்கக்கா. நீங்கதானே பிளாங்க் சேறு கேட்டீங்க. ஒரு சைன்தான் லா."

"நான் போட மாட்டேன். உனக்கு அவ்ளோ நம்பிக்கைன்னா நீ போடு."

குமரன் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை.

மதியம் நானே காரை எடுத்துக்கொண்டு, அதே ஆற்றில் ஆலைக்கு வெகு மேலே காட்டோரமாக இறங்கிச் சேறு அள்ளினேன். வழியெல்லாம் கோபம் அடங்கவில்லை. குமரனுக்கு மேட்ரிக்ஸ் எஃபெக்ட் நன்றாகவே தெரியும். பிளாங்க்கைச் சந்தேகப்படத்தான் தெரியவில்லை, அல்லது மனமில்லை. லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: பிளாங்க்கும் ஒரு சாம்பிள்தான். யார் கொடுத்தாலும் முதலில் அதைச் சோதியுங்கள். மாலைக்குள் சாறு எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் புது லைனர் மாட்டி, நான் அள்ளி வந்த சேற்றின் சாற்றை எதுவும் கலக்காமல் ஏற்றினேன். பென்சோபைரீன் வரும் நிமிடத்தில் கோடு தட்டையாகவே போனது. அதற்குப் பிறகுதான் மணியத்தின் குளத்துச் சேறு இருந்த பாட்டிலைத் திறந்தேன்.